அத்தைக்கு வாரம் ஒரு வியாதி

“அம்மாடி, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கொஞ்சம் வந்து பாரேன்!”

மருமகள் அப்போதுதான் புத்தகத்தைப் பிரித்திருந்தாள். மணி மூன்று. காலை ஷிப்ட் முடிந்து ஓடி வந்து, நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“இதோ வரேன் அத்தை.”

ஆஸ்பத்திரியில் அவள் பன்னிரண்டு வருஷமாக உதவி நர்ஸ். படுக்கை மாற்றுவாள், உடம்பு துடைத்துவிடுவாள், பி.பி. பார்த்துப் பெரிய நர்ஸிடம் எழுதிக் கொடுப்பாள். அதற்கு மேல் ஒரு படி ஏறவேண்டும் என்றால் பட்டம் வேண்டும். வேலையையும் விட முடியாது. அதனால்தான் தபால் வழியில் நர்சிங் பட்டப்படிப்பு.

எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டாள். சொன்னதைச் செய்தே பழகியவளுக்கு, நோயாளியிடம் தானாக நாலு கேள்வி கேட்டு இன்ன பிரச்சினை என்று சொல்லவேண்டிய இடத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அன்று அவள் அழுதது வீடு முழுக்கக் கேட்டது.

இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. இதிலும் போனால் முதல் வருஷத்தோடு படிப்புக்கு முழுக்கு.

இந்த நேரம் பார்த்துத்தான் அத்தைக்கு உடம்பு படுத்த ஆரம்பித்தது.

ஒரு வாரம் மூச்சிரைப்பு. அடுத்த வாரம் தலைசுற்றல். அது போய் வயிற்றில் எரிச்சல். இப்போது நெஞ்சு. அதுவும் சரியாக மூணு மணிக்கு, அவள் புத்தகத்தைத் தொட்டவுடன்.

நாடி பார்த்துவிட்டு எழுந்தால் அத்தை விடமாட்டார்.

“என்ன அவசரம்? எப்பலேருந்து அடிச்சுக்குதுன்னு கேக்க மாட்டியா?”

“எப்பலேருந்து அத்தை?”

“காலையிலேருந்து. மாடிப்படி ஏறினா ஜாஸ்தி. அப்புறம்?”

“மயக்கம் வருதா?”

“இல்ல. அப்ப இது என்னவா இருக்கும்?”

“டாக்டர்கிட்ட போயிடலாமா?”

“டாக்டர் கிடக்கட்டும். நீ சொல்லு.”

முக்கால் மணி நேரம் காலி. மாமா பக்கத்திலேயே பேப்பருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்.

“அம்மாவுக்கு நீ படிக்கிறது பிடிக்கல. அவ்வளவுதான் விஷயம்” என்றான் கணவன். “நீ பெரிய நர்ஸாயிட்டா வீட்டுல அவங்க பேச்சு எடுபடாதுன்னு பயம்.”

“சும்மா இருங்க. வயசானவங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளுக்குள் அரித்தது. எந்த வியாதியிலும் பி.பி. ஏறியதில்லை, ஜுரம் அடித்ததில்லை. மூணு மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர், அஞ்சு மணிக்கு ஈரத் துணி வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று மாடி ஏறினார்.

தேர்வுக்கு முதல் நாள்.

“அம்மாடி, பாதத்துல உணர்ச்சியே இல்ல. வந்து பாரேன்!”

அவள் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே வெடித்துவிட்டாள்.

“உங்களுக்கு ஒண்ணுமே இல்ல அத்தை! நாளைக்குப் பரீட்சை. இன்னிக்கு ஒரு நாளாவது என்னைப் படிக்க விடக்கூடாதா?”

அத்தையின் முகம் சுருங்கிப்போனது.

“சரிம்மா. படி” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரு வரி ஏறவில்லை.

மறுநாள், கால் இரண்டும் வீங்கிய ஒரு நடுத்தர வயதுப் பெண்ணின் கட்டிலருகே அவளை நிறுத்தினார்கள். தேர்வாளர் பேனாவைத் திறந்துகொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“எப்பலேருந்தும்மா வீக்கம்? சாயந்திரம் ஜாஸ்தியா, காலையிலயா? மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுதா? எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்க?”

கேட்டுக்கொண்டே போனாள். என்னவாக இருக்கும் என்று சொன்னாள். என்ன செய்யவேண்டும் என்றும் சொன்னாள்.

மூன்று வாரத்தில் ரிசல்ட் வந்தது. பாஸ்!

வார்டில் துப்புரவு அம்மாவரைக்கும் எல்லோரிடமும் சொன்னாள். வீட்டில் அத்தையிடம் மட்டும் அவளாகச் சொல்லவில்லை.

“பாத்தியா?” என்றான் கணவன். “பரீட்சை முடிஞ்ச நாள்லேருந்து அம்மாவுக்கு ஒரு தும்மல் வந்துச்சா? நான் சொன்னப்ப நீதான் நம்பல.”

அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷப் புத்தகக் கட்டு தபாலில் வந்து, பக்கத்தில் பிரிந்து கிடந்தது. உள் அறையில் பேச்சுக் குரல்.

“சீக்கிரம் வாசிங்க. அவ வர்ற நேரமாச்சு” என்றார் அத்தை.

“உனக்கு இன்னும் புத்தி வரலியா?” என்றார் மாமா. “அன்னிக்கு அந்தப் பேச்சுப் பேசினா. இன்னும் உன்கிட்ட முகம் குடுத்துப் பேசல.”

“பேசாட்டிப் போகட்டும். போன புத்தகத்துல பதினாலு பாடம். வாரத்துக்கு ஒண்ணா பதினாலு வியாதியையும் அவளைக் கேக்க வெச்சேனே! இப்ப யாரு முன்னாடி நிறுத்தினாலும் எம் மருமக வாயடைச்சு நிப்பாளா? நீங்க வாசிங்க. இந்த வாரம் எனக்கு என்ன?”

வாசலில் அவள் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டாள். கண்ணீர் கண்ணை மறைத்தது.

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரியில் விரல் வைத்து நிதானமாக வாசித்தார்.

“முதல் பாடம். நிறைமாதக் கர்ப்பிணியின் பராமரிப்பு.”

மாமா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார்.

“அய்யய்யோ!” என்றார் அத்தை, நிஜமான கவலையோடு. “இந்த வயசுல இதை நான் எப்படிங்க வரவழைக்கிறது?”