சிவப்புக் கைப்பிடி

மின் கட்டுப்பாட்டு அறையில் மீட்டர் முள் தள்ளாடியதும் மேலாளர் ஓடிவந்தார். ஆபரேட்டரம்மா பதறவில்லை. விட்டுவிட்டால் மின்தொகுப்பு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். அவசரப்பட்டுக் கைவைத்தால்தான் ஊர் இருளும்.

“சார், அந்தச் சிவப்புக் கைப்பிடியைக் கொஞ்சம் இடது பக்கம் திருப்புங்க.”

திருப்பினார். முள் நிலைக்கு வந்தது.

“சார் கைராசியே தனி!”

அவர் நகர்ந்ததும் புது உதவியாளர் கேட்டார்: “அந்தக் கைப்பிடியோட ஒயர் எங்கக்கா போகுது?”

“எங்கேயும் போகல. மேனேஜருங்க கை மத்த சுவிட்சுங்க பக்கம் போயிடக்கூடாதுன்னு யாரோ ஒரு புண்ணியவான் எப்பவோ சுவத்துல திருகி வச்சது.”

பின்னால் செருமல். மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுக்க மேலாளர் திரும்பி வந்திருந்தார். ஆபரேட்டரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அந்தப் புண்ணியவான் நான்தாம்மா. ஆபரேட்டரா இருந்தப்ப எங்க மேனேஜருக்காக வச்சேன்.”

“தெரிஞ்சேவா சார் திருப்புறீங்க?”

“என்ன பண்றது? மேனேஜரானதுலேர்ந்து கை சும்மா இருக்க மாட்டேங்குதே!”