ஐம்பத்திரண்டு பேர் தூக்கம்

முதன்முதலாகத் தன் பஸ்ஸில் பயணியாக ஏறி, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார் மாதேஸ்வரன். கழுத்தில் ரோஜா மாலை, மடியில் சால்வை.

மணி இரண்டே முக்கால். முதல் ஷிப்ட் முடிந்து, மூக்கண்டப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் கிளம்பும் கம்பெனி பஸ். இருபத்தொன்பது வருஷமாக அந்த ரூட்டை ஓட்டியவர் அவர்தான். மூன்று முறை வண்டி மாறியும் டிரைவர் மாறவில்லை. இன்றைக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் ரிட்டயர் ஆகியிருந்தார்.

ஓய்வு பெறுகிறவரை மேனேஜரின் காரில் வீடுவரை கொண்டுபோய் விடுவது அந்தக் கம்பெனியில் வழக்கம். ஏசி போட்டு, கதவைத் திறந்துகூட வைத்தார்கள். மனுஷன் ஒரே பிடியாக வேண்டாம் என்றுவிட்டார்.

அவருக்கு ஒரு குறை. சின்னக் குறை இல்லை, நெஞ்சிலேயே தங்கிவிட்ட குறை.

இத்தனை வருஷத்தில் பின்னால் உட்கார்ந்தவர்களில் ஒருத்தராவது அவரிடம் நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏறுவார்கள். வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். ஊர் வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கிப் போய்விடுவார்கள். என் பேராவது இதுங்களுக்குத் தெரியுமா என்று எத்தனையோ நாள் ஸ்டியரிங்கிடம் கேட்டிருக்கிறார்.

இன்றைக்கு அது தெரிந்தாக வேண்டும். கடைசி நாளில் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தால், பேசாமலா போய்விடுவார்கள்? அதற்காகத்தான் காரை விட்டார்.

புது டிரைவர் ஜெகதீஷ் வண்டியை எடுத்தார். பத்து வருஷம் லாரி ஓட்டிய கை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

வண்டி கேட்டைத் தாண்டியது.

யாரும் தூங்கவில்லை.

மாதேஸ்வரன் திரும்பிப் பார்த்தார். படியில் கால் வைக்கும்போதே குறட்டை விடுகிற பெயின்ட் ஷாப் கோபிகூடக் கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அட, நமக்காகத்தான்!

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மாலையைச் சரிசெய்துகொண்டார். யாராவது எழுந்து நாலு வார்த்தை பேசினால் பதில் சொல்ல வேண்டுமே என்று தொண்டையைச் செருமியும் வைத்துக்கொண்டார்.

சூளகிரி தாண்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை.

இன்னொரு முறை திரும்பியபோதுதான் கவனித்தார். ஒருத்தர்கூட அவரைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஜெகதீஷின் தோளுக்கு மேலாக ரோட்டில் இருந்தது.

மேலுமலை இறக்கத்தில் கிரானைட் லாரி ஒன்று உரசுகிற மாதிரி வந்து ஒதுங்கியது. ஜெகதீஷ் அழகாகத்தான் சமாளித்தார். ஆனாலும் பஸ்ஸே முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது. கோபியின் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது.

மாதேஸ்வரனுக்கு முகம் வாடிப்போயிற்று. மரியாதையாவது மண்ணாவது! புது டிரைவர் என்று பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அப்போதுதான் ஜன்னலோரத்தில் இருந்த ராசாத்தி அவர் பக்கம் திரும்பினாள். அசெம்பிளி லைனில் வேலை. பதினெட்டு வருஷமாக ஏறுகிறவள். அவள் குரலை இன்றைக்குத்தான் கேட்கிறார்.

"அண்ணா, கோச்சுக்காதீங்க. கொஞ்சம் முன்னாடி போயி டிரைவர் பக்கத்துல குந்துங்களேன். விடிகாலை மூணு மணிக்கு ஏந்திரிச்சது, கண்ணு எரியுது. நீங்க அங்க இருந்தாத்தான் எங்களுக்குத் தூக்கம் வரும்."

"ஆமாண்ணா" என்றான் பின்னாலிருந்து கோபி.

மாதேஸ்வரன் எழுந்து கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனார். இன்ஜின் பானெட் கொதித்தது. சால்வையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். ஜெகதீஷ் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

இரண்டு நிமிஷம் பொறுத்து, மாதேஸ்வரன் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

ராசாத்தியின் தலை ஜன்னலில் சாய்ந்திருந்தது. கோபி வாயைப் பிளந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொரு தலையாகச் சரிந்துகொண்டே போனது, கடைசி வரிசை வரைக்கும்.

ஸ்டியரிங் அவர் கையில் இல்லை. பிரேக் அவர் காலடியில் இல்லை. மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறார், அதற்கே ஐம்பத்திரண்டு பேர் தூங்குகிறார்கள்.

அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மாடி! இத்தனை உயிரா நாள் தவறாமல் என்னை நம்பிக் கண்ணை மூடியது? இது தெரியாமல் இருபத்தொன்பது வருஷம் இவர்கள்மேல் கோபமாக இருந்தேனே, நான் எப்பேர்ப்பட்ட மடையன்!

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவரும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

குருபரப்பள்ளி வந்தது. அவருடைய ஊர். அங்கே இறங்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். ரோட்டோரத்தில் அவர் மனைவி முனிலட்சுமி ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தாள். பின்னால் சொந்தபந்தம் ஒரு கும்பல்.

ஜெகதீஷ் வேகத்தைக் குறைத்தார்.

மாதேஸ்வரன் பின்னால் ஒரு முறை பார்த்தார். வண்டி நின்றால் விழித்துக்கொள்வார்கள்.

நிறுத்தாதே, போகட்டும் என்று கையைக் காட்டினார்.

தட்டும் கையுமாக முனிலட்சுமி வாயடைத்துப் பார்த்துக்கொண்டு நிற்க, மாலையும் கழுத்துமாக மாதேஸ்வரன் கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டிருந்தார்.