சத்தம் போடாத வரி

"இத்தனை எர்ரரையும் சாதாரணத் தகவலா மாத்திட்டியாம்மா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?"

தலைமைப் பொறியாளர் கணினித் திரையைக் காட்டிக் கேட்டார். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் மென்பொருள் முழுக்க அவர் பொறுப்பு. அதற்குள் லைப்ரரி எனப்படும், வெளியார் எழுதிய ஆயத்த நிரல் தொகுப்புகள் நாலைந்து உண்டு. தொட்டதற்கெல்லாம் 'ஆபத்து' என்று அவை லாக் எனும் பதிவேட்டில் எழுதித் தள்ளும்; அத்தனைக்கும் அவர் செல்போனில் மணி அடிக்கும். வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன இந்தப் பெண், எல்லாவற்றின் வாயையும் ஒரேயடியாக அடைத்துவிட்டிருந்தாள்.

"நெட்வொர்க் ஒரு நொடி விட்டு வந்தாலே கத்துது சார். மணி அடிச்சதும் நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, அணைச்சுட்டு டீ குடிப்பேன்."

"ஒண்ணும் செய்ய வேண்டாத விஷயத்துக்கு மணி எதுக்கு சார்?"

அது சரிதான் என்று அவருக்குப் பட்டது. ஆனாலும் விடவில்லை.

"சரி, இந்த ஒரு வரியை மட்டும் அடிமட்டத்துலேர்ந்து உச்சிக்குத் தூக்கியிருக்கியே, ஏன்? 'பலமுறை முயன்றும் பதில் இல்லை, செய்தி கைவிடப்பட்டது.' லைப்ரரி எழுதினவனே இதை யாரும் பார்க்க வேண்டாம்னு மணியே அடிக்காத 'டீபக்' ரகத்துல போட்டு வெச்சிருக்கான்."

"அவருக்கு அது வெறும் செய்தி. நமக்கு அது ஆம்புலன்சுக்குக் காத்திருக்கிற ஆள் சார். இது மட்டும் இருக்கட்டும்."

குரலில் கெஞ்சல் இல்லை, பிடிவாதம்தான் இருந்தது. அவர் அரை மனதோடு தலையாட்டினார்.

அதன்பின் செல்போன் வாய் திறக்கவே இல்லை. அவருக்கே அது பழகிப்போன ஒரு நாள், எல்லாரும் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அலறியது. அதே வரி. மூச்சுத் திணறும் அப்பாவுக்காக யாரோ கேட்ட ஆம்புலன்ஸ். செய்தி எந்த வண்டிக்கும் போய்ச் சேரவில்லை.

அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. கைகூடக் கழுவாமல், அந்த வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வண்டியின் டிரைவரை அவரே போனில் பிடித்து விரட்டினார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. ஆள் பிழைத்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, இப்படியொரு மூளையை அவர் தன் சர்வீஸில் பார்த்ததில்லை. பெருமை தாங்காமல் அவள் இடத்துக்கே போய் நின்றார்.

"பழைய லாக்கையெல்லாம் இப்பத்தான் தோண்டிப் பார்த்தேன். இந்த வரி இதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் வந்திருக்கு, போன வருஷம். எங்க யார் கண்ணுலயும் படலை. நேத்து வந்த உனக்கு இது எப்படிம்மா தெரிஞ்சுது?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே அந்தத் தேதியோட லாக்கைத்தான் சார் முதல்ல திறந்தேன். அன்னைக்கு ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டு, இதோ வந்துரும் வந்துரும்னு என் வீட்டுக்காரரை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான்தான்."