தோல் கன்று

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பசு எவ்வாறு பால் சுரக்கிறது என்பதைப் பொதுமக்களுக்கு விளக்க, வாலாஜாபேட்டை கால்நடைக் கண்காட்சியில் மருத்துவர் கௌசர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். மாடு வளர்க்கும் அம்பிகாவின் பசுவுக்கு முன்னால், ஆம்பூர்த் தோல் தொழிலாளி தன்சீல் செய்து கொடுத்த, வைக்கோல் அடைத்த தோல் கன்று நின்றது. பசு ஈன்ற உயிருள்ள கன்று திரைக்குப் பின்னால் கட்டப்பட்டிருந்தது.

“எதிரில் நிற்பது தன் கன்று என்று நம்பினாலே பசு பால் சுரக்கும். பாருங்கள்!” என்றார் கௌசர் ஒலிபெருக்கியில்.

பசு தோல் கன்றை நக்கியது. காம்புகளிலிருந்து பால் தானாகச் சொட்டியது. கூட்டம் கைதட்டியது.

“இன்னாம்மா, உன் மாடு இவ்ளோ சுளுவா ஏமாந்துடுச்சே!” என்று சிரித்தார் தன்சீல்.

“உங்க கைவேலை அப்படி, பாய்!”

பிறகு உயிருள்ள கன்றை அவிழ்த்து விட்டார்கள். பசு அதை உதைத்துத் தள்ளியது. மறுபடியும் விட்டார்கள்; மறுபடியும் உதைத்தது.

“பேஜாராப் போச்சே! பாலில்லாம என் கன்னு செத்துடும். அந்தப் பொம்மைய அப்பால தூக்குங்க, பாய்” என்றாள் அம்பிகா.

தன்சீல் அதைத் தூக்கியதும் பசு கதறியது. பொம்மையின் தலைப்பக்கத்தைத் தூக்கக் கைகொடுத்த அம்பிகாவின் விரல், அதன் இடது காதில் இருந்த துளையில் பட்டு நின்றது.

“இந்தத் தோலை எங்க வாங்கினீங்க?”

“மேல்விஷாரம் மண்டியில. போன வருஷத்துச் சரக்கு. ஏன்?”

“இந்த மாட்டோட மொத கன்னு நோஞ்சானாப் பொறந்துச்சு. பொழைக்கணும்னு வேண்டிக்கிட்டு நான்தான் காது குத்தினேன். செத்ததும் தோலை வித்துட்டேன்.” அவள் குரல் இறங்கியது. “என் மாடு ஏமாறல, பாய்.”

பசுவும் தோல் கன்றும் ஒரே வண்டியில் அம்பிகாவின் தொழுவத்துக்கு அனுப்பப்பட்டன. உயிருள்ள கன்றைப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கக் கௌசர் எடுத்துச் சென்றார்.