சீல் உடைக்காத பாட்டில்

அந்தத் தண்ணீர் பாட்டிலை யுவராணி கையால்கூடத் தொடவில்லை.

"வாங்கிக்க தாயி. வெயில்ல வந்திருக்க" என்றாள் முத்துப்பேச்சி.

"அந்தச் செம்புல என்ன இருக்கு?"

"அதுவும் தண்ணிதான்."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குப் பாட்டில்?"

முத்துப்பேச்சி பாட்டிலை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். வேப்பமரத்தடியில் கடலைச் செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த மற்ற இரண்டு பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கடலூரிலிருந்து தனியாக சைக்கிளில் மூணாறுக்குக் கிளம்பியவள் யுவராணி. நத்தம் தாண்டியதிலிருந்தே இந்தப் பக்கம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. இடது கைப்பக்கம் கூடவே வரும் சிறுமலை, பூ மூட்டையோடு முந்திப் போகிற வேன்கள், முன்பின் தெரியாதவளை 'தாயி' என்று கூப்பிடுகிற ஜனங்கள். எல்லாம் காலையில் டீக்கடையில் ஒருவர், "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்கிற வரைக்கும்தான். "சைக்கிள் ஆளுக" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமலே வந்துவிட்டாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

சாணார்பட்டிக்கு முன்னாலேயே கையிலிருந்த தண்ணீர் தீர்ந்தது. ரோட்டோரக் கடலைக்காட்டில் மூன்று பெண்கள் ஒரே செம்பை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். இறங்கிப் போய்க் கேட்டாள்.

முத்துப்பேச்சி அவளுடைய ஹெல்மெட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் ஏற இறங்கப் பார்த்தாள். செம்பைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் வைத்தாள். "செத்த இரு" என்று சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் ஓடினாள். திரும்பி வரும்போது கையில் சீல் உடைக்காத பாட்டில்.

செம்பை ஒளித்ததை யுவராணி பார்த்துவிட்டாள். என்ன ஆள் என்று தெரியாதவளுக்குச் செம்பு கிடையாது போல. இந்தப் பார்வைக்கெல்லாம் அர்த்தம் அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். சொந்த ஊர் டீக்கடையில் அவள் அப்பாவுக்குத் தனி கிளாஸ். தனியாகக் கொடுப்பதை இனி வாழ்க்கையில் குடிப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தவள் அவள்.

"ஏன் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க? நானே சொல்றேன். ஆமா, நான் காலனிப் பொண்ணுதான். அதுக்காகத் தனியாக் குடுத்தா பல்ல இளிச்சுக்கிட்டு வாங்கிக்குவேன்னு நினைச்சீங்களா? குடுத்தா அந்தச் செம்புல குடுங்க. இல்லாட்டி எனக்குத் தண்ணியே வேணாம்."

சைக்கிளைத் திருப்பினாள். நாக்கு ஒட்டிக்கொண்டது, கண் இருட்டியது. இருந்தாலும் நிமிர்ந்தே நின்றாள்.

முத்துப்பேச்சி பாட்டிலை வரப்பிலேயே வைத்துவிட்டு ஓடினாள். குடத்துக்குள் செம்பை முக்கி, தளும்பத் தளும்ப மோந்து வந்து அவள் கையில் திணித்தாள்.

"அடிப் பாவி மகளே, இத வந்ததும் சொல்றதுக்கென்ன? நாங்களும் காலனிதான். எங்க செம்ப நீ தொட மாட்டியோன்னு பயந்துல்ல இம்புட்டு வெயில்ல கடைக்கு ஓடுனேன்."