ஊசி பூஜ்யத்தில் நிற்க வேண்டும்

இயற்பியல் சார் காந்தத்தைக் கம்பிச்சுருளுக்குள் சரக்கென்று நுழைத்தார். கால்வனாமீட்டர் ஊசி வலப்பக்கம் துள்ளியது.

வெளியே இழுத்தார். இடப்பக்கம் துள்ளியது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் "ஏய்ய்!" என்றார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை மேடம் மட்டும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் லேப் உதவியாளர். மேசை ஓரம் நின்றுகொண்டிருந்தேன். இந்த இரண்டும் சுலபம். மூன்றாவதுதான் வில்லங்கம். காந்தத்தைச் சுருளுக்குள் அசையாமல் பிடிக்க வேண்டும். காந்தம் அசைந்தால்தான் மின்சாரம், அசையாவிட்டால் ஊசி பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

போன வருஷம் நிற்கவில்லை.

சார் கை நடுங்கியது. கை நடுங்கினால் காந்தம் நடுங்கும், காந்தம் நடுங்கினால் ஊசி ஆடும். பிள்ளைகள் பாவம், கண்ணால் பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்: காந்தம் சும்மா இருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் வரும். பரீட்சையிலும் முப்பத்தெட்டுப் பேரும் அதையே எழுதி வைத்தார்கள். ஒருத்தி படம் வேறு போட்டு, ஊசிக்குப் பக்கத்தில் அம்புக்குறி இழுத்து 'லேசான ஆட்டம்' என்று குறித்திருந்தாள். பேப்பர் திருத்தியவர் வேறு பள்ளிக்காரர். மானம் கப்பலேறியது.

"கால்வனாமீட்டர் பழசு மேடம்" என்று சார் சமாளித்தார். மேடம் புதுசே வாங்கி வைத்துவிட்டார். இந்தத் தடவையும் ஆடினால் பத்தாம் வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். இருபது வருஷமாகப் பத்தாம் வகுப்பு எடுக்கிற மனுஷன்.

போன வருஷத்துக்கு முன்னாலெல்லாம் அவர் ஏன் மாட்டிக்கொள்ளவில்லை என்றால், பக்கத்தில் நான் இருந்தேன். மூன்றாவது கட்டம் வந்ததும் மேசைக்குப் பின்னால் கைவிட்டு வயரை லேசாக உருவிவிடுவேன். ஊசி பரம சாதுவாக நிற்கும். போன வருஷம் பார்த்து எனக்குக் காய்ச்சல், லீவு.

இன்றைக்கும் என் விரல் வயரில்தான் இருந்தது. தப்புதான். தெரிந்தேதான் செய்தேன்.

சார் என்னைப் பார்த்தார்.

"நீங்க போய் மேடம் பக்கத்துல உக்காருங்கம்மா."

அட மனுஷா, இன்றைக்கா இந்த வீராப்பு!

அத்தனை பேர் எதிரில் என்ன சொல்ல முடியும்? போய் உட்கார்ந்தேன். காந்தம் உள்ளே போனது. ஊசி துள்ளியது, திரும்பி வந்தது.

நின்றது.

பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். பிள்ளைகளுக்கு அலுத்துப்போய் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றுமே நடக்கவில்லை. அப்பாடா, ஒன்றுமே நடக்கவில்லை! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"புது மீட்டர் நல்லாதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு மேடம் எழுந்து போனார்.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடினார்கள். சார் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். பள்ளிக்கூடத்தில்தான் நான் அவரை 'சார்' என்பதும் அவர் என்னை 'வாங்கம்மா போங்கம்மா' என்பதும்.

"இப்பவாவது நம்புறியா?" என்றார்.

குடியை விட்டு எண்பத்து மூன்று நாள் ஆகிறது என்று இன்று காலையில்கூடச் சொன்னார் என் புருஷன். இதற்கு முன்னால் எத்தனை தடவை கேட்டிருப்பேன் இந்தக் கதையை! "ஆமா ஆமா" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடினேன். அவர் கையைப் பார்ப்பதையே நான் விட்டு ரொம்ப நாளாகிவிட்டது.

நம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.