பாயசத்துக்குக் காத்திருந்த முட்டைகள்

பண்ணையிலேயே அதிகம் பால் தரும் எருமைக்குக் குளோனிங் முறையில் நகல் எடுக்கப்போகிறார்கள் என்றதும், அதைக் கறக்கும் மாசிலாமணி தன் வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். அதை உதைத்துக் கோணலாக்கியது அந்த எருமைதான். இன்னொன்று வந்தால் இடது காலும் போய்விடும். ஆனால் நகல் எடுக்க வந்த டாக்டரம்மா ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டாம் பாயசத்துக்குக் காத்திருந்த நேரத்தில், ஆய்வகத்தில் காத்திருந்த சினைமுட்டைகளுக்கு வயதாகிவிட்டது. எருமையின் காதிலிருந்து எடுத்த உயிரணுக்களை அவற்றில் வைத்தார். கருக்கள் இரண்டாகப் பிரிந்து, நாலாகப் பிரிந்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டன. ஒன்று மட்டும் தட்டுத்தடுமாறி வேறொரு எருமையின் வயிற்றில் வளர்ந்து கன்றாகப் பிறந்தது. பிறக்கும்போதே அதற்குத் தாடை நரைத்திருந்தது.

“முட்டை கெழடுண்ணே, கன்னு என்ன பண்ணும்?” என்றார் டாக்டரம்மா.

இதுவும் உதைக்குமா என்று பார்க்க, மாசிலாமணி இடது முழங்காலை அதன் பின்னால் நீட்டினார். கன்று காலைத் தூக்கியது. சற்று யோசித்தது. பெருமூச்சு விட்டுக் காலைக் கீழே வைத்துவிட்டு, வாயில் இல்லாத புல்லை அசைபோடத் தொடங்கியது.

“நிக்காதீங்கம்மா, உக்காருங்க,” என்று அதனிடம் சொல்லிவிட்டு, மாசிலாமணியும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டார்.